ஷுக்ரி முதலாளியின் ஜெர்மன் குதிரைகள்

பதுளைக் கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருந்த ஷுக்ரி முதலாளியிடம் யாராவது சுகம் விசாரித்தால், அவர் தன் மோட்டாரின் சுகத்தைத்தான் சொல்வார். "எப்படி முதலாளி, சுகமா?" என்றால், "நேத்து ஹாலிஎல வரைக்கும் ஒரே மூச்சில போச்சு" என்பார். கேட்டவன் குடையைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்துவிடுவான். அவன் அன்று காலைதான் ஹாலிஎலயிலிருந்து நடந்து வந்திருப்பான்.

மோட்டார் வருவதற்கு முன்னால் அவரைப் பற்றிச் சொல்ல அதிகம் ஒன்றுமில்லை. அவருடைய வாப்பா துணி மூட்டையைத் தலையில் சுமந்து தோட்டம் தோட்டமாக ஏறி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசல்களில் விரித்து விற்று, கடைசியில் கடைத்தெருவில் ஒரு கடையையும் அதை ஒட்டி ஒரு வீட்டையும் கட்டி மகன் கையில் கொடுத்துவிட்டு மவுத்தானார். மகன் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தார். அவர் செய்த வேலை அதுதான். துணியைச் சாண் போட்டு அளக்கும்போது, அளவு குறைய, சுண்டுவிரலை மடக்கிக்கொள்வார். துணி வாங்க வரும் தோட்டத்துப் பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, "மொதலாளி, அந்த விரலையும் கொஞ்சம் நீட்டுங்க, காத்தாடட்டும்" என்பார்கள். நீட்டுவார். அடுத்த ஆள் வந்ததும் மறுபடி மடங்கிக்கொள்ளும்.

இதையெல்லாம் அவருடைய மனைவி ஜெமீலா வீட்டு ஜன்னலின் மரச்சட்டங்களுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. அந்த வீட்டில் பேசுவதற்கு ஒருவர் போதுமாக இருந்தார்.

ஜெர்மன்காரனோடு முதல் பெரிய யுத்தம் வருவதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால், அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்த துரை ஒருவர் உடம்புக்கு முடியாமல் சீமைக்குப் புறப்பட்டார். அவரிடம் ஜெர்மனியில் செய்த மோட்டார் ஒன்று இருந்தது. வேகத்துக்கென்றே செய்தது. மூக்கு நீளமாக, இஞ்சின் மூடியின் மேல் தோல் வார் போட்டு இறுக்கி, பித்தளை விளக்குகளோடு, ஓடாமல் நிற்கும்போதுகூட ஓடுகிற மாதிரி இருக்கும். ஷுக்ரி முதலாளி அதை வாங்கினார். மோட்டாரோடு கிடைத்த உதிரிச் சாமான்களில் பொன்னையாவும் ஒருவன். துரையிடம் முதலில் குதிரை பார்த்து, பிறகு மோட்டார் ஓட்டப் பழகியவன். வழியில் எந்தத் தேநீர்க் கடையில் சாயத் தண்ணி நன்றாக இருக்கும் என்பது அவனுக்கு மோட்டாரைவிட நன்றாகத் தெரியும்.

முப்பத்தைந்து குதிரைகளின் பலம் இந்த இஞ்சினுக்கு என்று துரை சொன்னாராம். அப்புத்தளையிலிருந்து இறங்கிப் பண்டாரவளை வந்தபோது முதலாளி வாயில் அது நாற்பதானது. அடுத்த ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் முற்றத்தில் ஐம்பது. ஜெமீலா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். குதிரைகள் குட்டி போடும் வேகத்தைப் பார்த்தால் வீட்டு முற்றம் பற்றாது என்று நினைத்தாள்.

முதல் சில வாரங்கள் மோட்டார் நன்றாகத்தான் ஓடியது. அதுதான் முதலாளிக்கு ஆபத்தாய் முடிந்தது. ஊரெல்லாம் தன்னையே பார்த்துப் பொறாமையில் வேகிறது என்ற முடிவுக்கு வந்தார். ஊர் உண்மையில் புழுதிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தது. ஒருநாள் மாட்டு லாடத்து ஆணி குத்தி டயர் வெடித்தது. ரோட்டில் ஆணி கிடந்தது, அதன்மேல் டயர் ஏறியது, வெடித்தது. வேறு யாருக்கும் இதில் யோசிக்க ஒன்றும் இருந்திருக்காது. முதலாளி மட்டும் வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

"கண்ணூறு ஜெமீலா. சரியான கண்ணூறு."

"ஆணிண்டு பொன்னையா சென்னானே."

"ஆணி குத்தினது. ஆணியக் கொண்டாந்து போட்டது கண்ணூறு."

ஊரில் எல்லாரும் மதிக்கிற, மார்க்கம் படித்த வயதான ஆலிம் ஒருவர் இருந்தார். முதலாளி அவரிடம் போய், தாயத்தாகக் கட்டிக்கொள்ள ஓதி எழுதிய இஸ்மு ஒன்று கேட்டார்.

"புள்ளைக்கா?" என்றார் ஆலிம்.

"மோட்டாருக்கு."

ஆலிம் கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். "வாகனத்துல ஏறக்குள்ள ஓதுற துஆ ஈக்குதே. அத ஓதிட்டு ஏறுங்க. அது போதும்."

முதலாளிக்கு அது போதவில்லை. துஆ ஓதினால் அல்லாஹ்வுக்குக் கேட்கும், கடைத்தெருவுக்குத் தெரியாதே. விடாமல் நச்சரித்து ஓர் இஸ்மை எழுதி வாங்கினார். "கழுத்துல போட்டுக்கோங்க" என்று சொல்லித்தான் ஆலிம் கொடுத்தார். முதலாளி நேரே தட்டாரிடம் போய் அதற்கு வெள்ளிக் கூடும் வெள்ளிச் சங்கிலியும் செய்வித்தார். தன் கழுத்துக்கல்ல.

எங்கே கட்டுவது என்பதில்தான் சிக்கல். சக்கரத்தில் கட்டினால் புழுதி. விளக்கில் கட்டினால் களவு போகும். பொன்னையாவை இஞ்சின் மூடியைத் திறக்கச் சொன்னார். உள்ளே எல்லாம் எண்ணெயும் கரியுமாய் இருந்தது. நெருப்புப் பொறி எழுப்புகிற பெட்டி ஒன்றின் மேல் மட்டும் பித்தளைத் தலை வைத்த திருகாணி ஒன்று பொன் மாதிரி மின்னியது. உலகத்தில் மின்னுகிற இடத்தை விட்டு வேறிடத்தில் கை வைத்துப் பழக்கமில்லாதவர் ஷுக்ரி முதலாளி. சங்கிலியை அதில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கூட்டைத் தொங்கவிட்டார்.

அன்றிலிருந்து யார் வந்தாலும் மூடி திறக்கும். வந்தவர் குனிந்து வெள்ளிக் கூட்டைப் பார்ப்பார். முதலாளி வந்தவரின் முகத்தைப் பார்ப்பார். அந்தக் கூட்டில் என்ன பூ வெட்டியிருந்தது என்று கேட்டால் அவருக்குத் தெரிந்திருக்காது.

அன்றிலிருந்துதான் மோட்டார் ஏற்றத்தில் சாகத் தொடங்கியது.

சமதரையில் பறக்கும். ஏற்றம் தொடங்கி மூக்கை மேலே தூக்கியதும் இரண்டு தரம் இருமும், ஒரு தரம் விக்கும், அப்படியே நின்றுவிடும். பதுளையிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஏற்றம்தான். பொன்னையா பிளக்குகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினான். பெட்ரோல் குழாயில் வாய் வைத்து ஊதினான். பெட்ரோலைக் கடையின் நல்ல மல்மல் துணியில் வடிகட்டி ஊற்றினான். இஸ்மில் மட்டும் கை வைக்கமாட்டான். அது கிடந்த பக்கத்தில் வேலை செய்ய வேண்டி வந்தால் முதலில் கண்ணில் ஒற்றிக்கொள்வான்.

முதலாளியும் சும்மா இருக்கவில்லை. மலைக்குளிர் இஞ்சினுக்கு ஆகவில்லை என்று தோட்டத்துக் கம்பளி ஒன்றால் அதைப் போர்த்தினார். கம்பளி கருகி நாறியது. பிறகு, ஜெர்மன் இஞ்சினுக்கு இங்கிலீஸ்காரன் கம்பனி பெட்ரோலை ஊற்றினால் அதற்குக் கோபம் வராதா என்று கேட்டார். கேட்டது பொன்னையாவிடம். "வரலாங்க" என்றான் பொன்னையா. மோட்டார் மேட்டில் நிற்கும்போதெல்லாம் ஹாலிஎலக் கடைப் பெஞ்சியில் உட்கார்ந்து சாயத் தண்ணி குடித்துக்கொண்டிருந்தவனுக்கு எந்தக் காரணமும் சம்மதமாகத்தான் இருந்தது.

ஒருநாள் ஏற்றத்தில் நின்றுபோன மோட்டாரைத் தள்ளித் திருப்பி, மூக்கு பள்ளத்தைப் பார்த்திருக்கப் பொன்னையா பின்பக்கமாக எடுத்தான். அது பின்பக்கமாகவே அந்த மேட்டில் மடமடவென்று ஏறிவிட்டது. முதலாளிக்கு உச்சி குளிர்ந்தது. "ரெண்டு பக்கமும் ஓடுற மாதிரித்தான் ஜெர்மன்காரன் செஞ்சிருக்கான். நமக்குத்தான் இவ்வளவு நாளும் வெளங்கேல்ல." பிறகு கொஞ்ச காலம் ஷுக்ரி முதலாளி மேட்டுக்கெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டே போனார். பொன்னையா கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்து ஓட்டுவான். முதலாளி முன்னால் பார்த்து உட்கார்ந்து, விட்டுப்போகிற ஊருக்கெல்லாம் கையசைத்துக்கொண்டு போவார். ரோட்டுக்கு மேலே கொழுந்து பறிக்கிற பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கூப்பிடுவார்கள்.

"மொதலாளி, வாறீங்களா, போறீங்களா?"

"கண்ணு தெரியேல்லயா? போறேன்."

"மூஞ்சி இங்கிட்டுல்ல இருக்கு. அதான் கேட்டோம்."

இந்தக் கூத்தெல்லாம் சிரிப்போடு போயிருக்கும். போகாததற்குக் காரணம் பலீலா.

பலீலா ஜெமீலாவின் தங்கை. உம்மாவும் வாப்பாவும் இல்லாததால் ராத்தாவின் வீட்டில் வளர்ந்தவள். அவளைப் பார்க்கப் பண்டாரவளையிலிருந்து ஒரு குடும்பத்துப் பெண்கள் வந்தார்கள். பிடித்துப்போய், வட்டிலப்பமெல்லாம் சாப்பிட்டுவிட்டு, வந்த குதிரைக் கோச்சிலேயே திரும்பப் புறப்பட்டார்கள். முதலாளி விடவில்லை. கோச்சு வெறுமனே போகட்டும், என் மோட்டார் இருக்கிறது என்று ஏற்றிக்கொண்டு போனார். விருந்தாளிகளைப் பின்பக்கமாய்க் கொண்டுபோக அவருக்கும் வெட்கமாக இருந்தது. தெமோதரைக்கு அப்பால் ஏற்றத்தில் மழைக்குள் மோட்டார் நின்றது. ரோட்டு முகத்தையே அதிகம் பார்க்காத அந்தப் பெண்கள், வண்டிக்காரர்கள் வேடிக்கை பார்க்க, சேலைத் தலைப்பை முகத்துக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கி நின்றார்கள். மாப்பிள்ளையின் உம்மாவிடம் முதலாளி, "கொஞ்சம் தள்ளினீங்கண்டா எடுபட்டுரும்" என்று கேட்டாராம்.

மறுநாளே சொல்லி அனுப்பினார்கள். பெண் நல்ல பெண்தான், மச்சானைத்தான் எங்களால் தாங்க ஏலாது என்று.

பலீலா அதற்குப் பிறகு ஒரு வாரம் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. "ராத்தா, இந்த மோட்டார் ஈக்கும் மட்டும் எனக்கு மாப்பிள்ள வரமாட்டான்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தேங்காய் துருவிக்கொண்டிருந்த ஜெமீலா அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டுத் துருவுவதை நிறுத்திவிட்டாள்.

அடுத்த சம்பந்தம் கம்பளையிலிருந்து வந்தது. மாப்பிள்ளை லத்தீப் தாய்மாமன் இப்றாஹீம் ஹாஜியாரின் வளர்ப்பு. ஹாஜியார் சொன்ன சொல்லையும் சொன்ன நேரத்தையும் விட்டு நகராத மனிதர். தெமோதரைக் கதை அவர் காதுக்கும் எட்டியிருந்தது. ரயில் அப்போது பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து மாப்பிள்ளையைப் பதுளைக்கு எதில் கூட்டிப்போவது என்ற பேச்சு வந்தபோது அவர் முதலாளியிடம் நேரடியாகவே சொன்னார்.

"மோட்டாரோ, கோச்சோ, அது ஒங்க விருப்பம். ஆனா எங்க மாப்பிள்ளய நடுரோட்டுல நிப்பாட்டினீங்கண்டா, நாங்க திரும்பி ஸ்டேசனுக்கு நடந்து, வார ரயில்ல ஏறிப் போயிடுவோம். பிறகு கோவிக்கக் கூடாது."

"ஐம்பத்தஞ்சு குதிரை ஹாஜியார்," என்றார் முதலாளி.

"ரெண்டு குதிரை போதும்," என்றார் ஹாஜியார். "உசிரோட ஈந்தா."

அன்று ஜெமீலா கணவரிடம் கேட்டாள். "கோச்சுக்கே செல்லுங்களேன். புள்ளட வாழ்க்க."

"வீட்டுல மோட்டார வெச்சிக்கொண்டு மாப்பிள்ளையக் கோச்சுல கொண்டாந்தா, ஊர் என்ன செல்லும்?"

ஊர் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்ததை அவள் சொல்லவில்லை. கலியாண நாள் நெருங்க நெருங்க அவள் ஜன்னலில் நிற்கிற நேரம் கூடியது. அவளுக்கு இஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது எப்போது ஓடுகிறது, எப்போது நிற்கிறது என்பதைப் பார்க்க இஞ்சினைப் பற்றித் தெரிய வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மோட்டாரைக் கழுவப் பதுளை ஓயாவுக்குக் கொண்டுபோவார்கள். ஆற்றங்கரையில் ஆட்கள் குளிப்பார்கள், அழுக்குத் துணி துவைப்பார்கள். அங்கே இஸ்மைக் கொண்டுபோகக் கூடாது என்பதில் முதலாளி கண்டிப்பானவர். புறப்படுமுன் சங்கிலியைக் கழற்றி ஜெமீலா கையில் கொடுப்பார். அவள் அதைப் பட்டுத் துணியில் சுற்றி, குர்ஆன் இருக்கிற அலுமாரித் தட்டில் வைப்பாள். ஆற்றிலிருந்து வீட்டுக்கு வருகிற வழி நல்ல ஏற்றம். அந்த ஏற்றத்தில் மோட்டார் ஒரு வெள்ளிக்கிழமையும் நின்றதில்லை. வீட்டுக்கு வந்து இஸ்மைத் திரும்பக் கட்டிக்கொண்டு, அதைவிடக் குறைந்த மேட்டில் ஏறினாலும் நின்றுவிடும்.

பல வெள்ளிக்கிழமைகள் பார்த்துவிட்டுத்தான் ஜெமீலா வாயைத் திறந்தாள்.

"ஆத்து ஏத்தத்துல மட்டும் மோட்டார் நிக்கிறதில்ல, கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன்," என்றார் அதுவரை கவனிக்காத முதலாளி.

"அன்டைக்கு மட்டும்தான் இஸ்மு அலுமாரில ஈக்குது."

முதலாளி கண்ணை மூடி யோசித்தார். அவர் யோசிப்பதைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வந்துவிடும். "இப்பதான் வெளங்குது," என்றார். "ஆத்துத் தண்ணி இந்த மோட்டாருக்கு ஒத்துக்கொள்ளுது. ஜெர்மனியில பெரிய பெரிய ஆறு ஈக்குதாம்."

"நான் தண்ணியச் செல்லேல்ல."

"நீ ஒண்டும் செல்ல வேணாம். நான் கண்டுபிடிச்சிட்டேன்."

அன்றிலிருந்து இஞ்சினைக் குளிரவைக்கிற தொட்டிக்கு ஆற்றுத் தண்ணீர்தான். பொன்னையா மண்ணெண்ணெய்த் தகரங்களில் சுமந்து வந்தான். மோட்டார் வழக்கம் போல மேட்டில் நின்றது. தண்ணீர் மேல்பக்கத்துத் தண்ணீராக இருக்க வேண்டும் என்று முதலாளி பொன்னையாவை இன்னும் மேலே அனுப்பினார்.

"ஒரு நாளைக்கு அந்த இஸ்மக் கழட்டி வெச்சிட்டு ஓட்டிப் பாருங்களேன்," என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"கழட்டவா? ஊர்க் கண்ணு பூரா என் மேல ஈக்கக்குள்ளயா? ஒனக்கென்ன பைத்தியமா புள்ள?"

அதோடு அவள் சொல்வதை விட்டுவிட்டாள்.

கலியாணத்தன்று மத்தியான லுஹர் தொழுகைக்கு முதலாளி பள்ளிவாசலுக்குப் போனார். திரும்பி வந்ததும் பண்டாரவளைக்குப் புறப்பட வேண்டும். பொன்னையா கடைப் பக்கம் சோறு தின்றுகொண்டிருந்தான். வீடு நிறையப் பெண்கள். பலீலாவின் கை மருதோன்றி வைத்துச் சிவந்திருந்தது. ஜெமீலா முக்காட்டை இழுத்துக்கொண்டு பின்வாசலால் இறங்கி மோட்டார்க் கொட்டகைக்குப் போனாள். அதுவரை அவள் அந்த மோட்டாரைத் தொட்டதில்லை. ஆனால் தோல் வாரை எந்தப் பக்கம் இழுத்தால் கழலும், மூடியை எங்கே பிடித்துத் தூக்க வேண்டும் என்பதெல்லாம் ஜன்னலில் நின்று நின்று அவள் கைக்கே தெரிந்திருந்தது. பிஸ்மி சொல்லி, பித்தளைத் திருகாணியிலிருந்து சங்கிலியைக் கழற்றினாள். முந்தானையில் முடிந்துகொண்டு, மூடியைப் போட்டு, வாரை இறுக்கிவிட்டு உள்ளே வந்தாள்.

ஜன்னலுக்கு வந்த பிறகுதான் அந்த ரோடு நினைவுக்கு வந்தது. தெமோதரை ரோட்டில் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பாதாளம். காவல் என்று கட்டியதைக் கழற்றிவிட்டு மனிதரை அந்த ரோட்டுக்கு அனுப்புகிறாள். சுண்டுவிரலை மடக்குகிற மனிதர்தான், ஆனாலும் அவளுடைய மனிதர்.

முதலாளி சரிகைத் தலைப்பாகையோடு வந்து ஏறி உட்கார்ந்தார். பொன்னையா எண்ணெய் பார்க்க மூடியைத் திறந்தான். குனிந்தவன் அப்படியே நின்றான். மெதுவாகத் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தான். சட்டங்களுக்குப் பின்னால் அவள் நிற்பது அவனுக்குத் தெரியும், அவள் எப்போதும் அங்கேதான் நிற்பாள்.

"என்னடா பாக்கிற? எல்லாம் சரியா ஈக்குதா?" என்றார் முதலாளி.

"எல்லாம் இருக்க வேண்டிய எடத்துல இருக்குங்க," என்று சொல்லி மூடியைச் சாத்தினான்.

மோட்டார் போனது. ஜெமீலா வேலைக்காரிகளுக்குப் பதில் சொன்னாள், சோறு பரிமாறுகிற பெரிய சஹன் தட்டுகளை எண்ணிப் பார்த்தாள், தங்கையின் தலையில் முக்காட்டைச் சரிசெய்தாள், எல்லாவற்றையும் ஒரு கையால் செய்தாள். மறுகை முந்தானை முடிச்சோடு வெள்ளிக் கூட்டைப் பொத்திப் பிடித்திருந்தது. உதடு ஸலவாத்து ஓதுவதை விடவில்லை. கூடு கை வியர்வையில் வெதுவெதுத்தது.

"ராத்தா, நிண்டிருக்குமா?" என்றாள் பலீலா.

"நிக்காது."

"எப்படிச் செல்றீங்க?"

"இன்டைக்கும் வெள்ளிக்கிழமைண்டு நினைச்சிக்கோ," என்றாள் ஜெமீலா. பலீலாவுக்கு அது விளங்கவில்லை.

பின்னேர அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் பந்தலுக்கு வரத் தொடங்கியபோது ஹாலிஎலப் பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. இருமலில்லை, விக்கலில்லை. மோட்டார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து பந்தல் வாசலில் நின்றது. முன்பக்கமாகவே வந்திருந்தது. மாப்பிள்ளை லத்தீப் இறங்கினான். ஹாஜியார் தலைப்பாகையை இரண்டு கையாலும் பிடித்தபடி இறங்கி, தரையை ஒரு தரம் மிதித்துப் பார்த்துக்கொண்டார்.

"போகக்குள்ளயும் நிக்கேல்ல, வரக்குள்ளயும் நிக்கேல்ல," என்று முதலாளி பந்தலுக்கெல்லாம் கேட்கச் சொன்னார். "அறுபது குதிரை. எல்லாம் எதால தெரியுமா ஹாஜியார்? வாங்க, காட்டுறேன்."

ஜன்னலில் ஜெமீலா கண்ணை மூடிக்கொண்டாள்.

முதலாளி தானே வாரை இழுத்து மூடியைத் திறந்தார். ஹாஜியார் குனிந்து பார்த்தார். முதலாளி வழக்கம் போல ஹாஜியாரின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒரு வியப்பும் வரவில்லை.

"எத பாக்கோணும்?" என்றார் ஹாஜியார்.

அப்போதுதான் முதலாளி உள்ளே பார்த்தார். அவர் முகம் அவல் மாதிரி வெளுத்தது. பிறகு சிவந்தது. "களவு போயிட்டு. பொறாமக்காரனுகள்ட வேல. ஸ்டேசன்ல நிப்பாட்டி வெச்ச நேரம் எடுத்திருப்பானுகள்."

"ஸ்டேசன்லண்டா, அங்கயிருந்து இங்க வரைக்கும் அதில்லாமத்தானே வந்திருக்கோம்."

முதலாளி கொஞ்சம் யோசித்தார். "இல்ல, இங்க வந்த பிறகுதான் எடுத்திருக்கோணும்."

"இப்பதானே எறங்கினோம். மூடியத் திறந்ததும் நீங்கதானே."

"கள்ளனுக்கு வழியா இல்ல," என்றார் முதலாளி.

ஹாஜியார் மருமகனின் தோளில் கைவைத்துப் பந்தலுக்குள் கூட்டிப்போனார். சொன்ன நேரத்துக்கு நிக்காஹ் முடிந்தது. உள்ளே பலீலா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய சிவந்த கை ராத்தாவின் முந்தானையைப் பிடித்திருந்தது. அதன் முடிச்சில் ஏதோ கனமாக இருந்ததை அவள் உணர்ந்தாள். கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பொன்னையா சமையலறை வாசலுக்கு வந்து, விருந்துச் சோற்றின் மிச்சத்தை வாங்கிக்கொண்டு நின்றான்.

"அம்மா, எனக்கு அப்பவே ஒரு சந்தேகமுங்க," என்றான்.

விஷயம் வெளியே வந்த பிறகு எல்லாருக்கும் அப்பவே சந்தேகம்தான் என்று ஜெமீலா நினைத்தாள். "என்ன சந்தேகம்?"

"அந்தப் பித்தளை ஆணியில இருந்துதாங்க சுவிட்சுக்குக் கம்பி போவுது. அது இரும்புல பட்டா நெருப்பு செத்து இஞ்சின் அணைஞ்சிரும். வண்டிய நிப்பாட்டுறதுக்கே அப்படி வச்சிருக்கான். மேடு ஏறையில சங்கிலி பின்னால சாய்ஞ்சு இரும்புல பட்டுருக்கு. பின்பக்கமா ஏறையில அங்கிட்டுப் போயிருக்கு. அம்புட்டுத்தாங்க."

மோட்டாரை நிறுத்துவதற்கென்றே ஜெர்மன்காரன் வைத்த ஓர் ஆணி. அத்தனை ஆணிகள் இருக்க அதைத் தேடிப் பிடித்துக் கட்டியிருக்கிறார். ஜெமீலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏன் மொதலாளிக்கிட்ட செல்லேல்ல?"

"ஒங்க சாமி சமாச்சாரத்துல நான் வாயி வைக்கலாங்களா?" பொன்னையா சோற்றுப் பொட்டலத்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினான். "அதுவும் போக, ஹாலிஎலக் கடைக்காரர் நல்ல மனுசனுங்க."

அதற்குள் முதலாளி தட்டாரிடம் போயிருந்தார். இந்தத் தடவை கூடு இரண்டு மடங்கு கனம், சங்கிலி மூன்று வரி. ஆலிம் எழுதிக் கொடுக்க மறுத்துவிட்டாராம். வேறு யாரோ எழுதிக் கொடுத்தார்கள். களவு போன ஒன்றின் பலத்திலேயே மோட்டார் அவ்வளவு ஓடியதென்றால், இரட்டைக் கனத்துக்கு எவ்வளவு ஓடும் என்பது அவருடைய கணக்கு. அதே மின்னுகிற ஆணியில் கட்டினார். மறுநாள் மாப்பிள்ளையை ஊர் காட்டக் கூட்டிப்போய், பதுளை எல்லையைத் தாண்டும் முன்னே நின்றார். லத்தீப் இறங்கித் தள்ளினான். நல்ல பிள்ளை, ஒன்றும் சொல்லவில்லை. வழக்கப்படி பெண் வீட்டில் சில மாதம் இருந்துவிட்டு மனைவியைக் கம்பளைக்கு அழைத்துப்போகும்போது மட்டும், "நாங்க கோச்சுல போறோம் நானா, மோட்டாருக்கு ஏன் வீண் கஷ்டம்" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னான்.

பிறகு யுத்தம் வந்தது. ஜெர்மன் சாமான் வருவது நின்றது. தேய்ந்ததற்கு மாற்ற ஒன்றும் கிடைக்கவில்லை. முதலாளிக்கு அது ஒரு விதத்தில் நல்லதாய்ப் போயிற்று. "யுத்தமில்லாட்டி இப்ப எழுபது குதிரையும் ஓடும்" என்று சொல்ல ஒரு காரணம் அகப்பட்டது. பொன்னையா ஹாலிஎலக் கடைக்காரரின் பங்காளியாகிவிட்டான்.

யுத்தம் முடியுமுன்னே பலீலா லத்தீப்போடு, தன் முதல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ராத்தாவின் வீட்டுக்கு வந்தாள். பிள்ளை பிறந்தபோது ஜெமீலா கம்பளைக்குப் போய், பட்டுத் துணியிலிருந்து அந்த வெள்ளிக் கூட்டை எடுத்து அதன் கழுத்தில் போட்டுவிட்டு வந்திருந்தாள். கழுத்தில் போடச் சொல்லித்தானே ஆலிம் கொடுத்தார். பலீலாவிடம் மட்டும் கதையைச் சொல்லியிருந்தாள்.

முதலாளி பிள்ளையை மடியில் வாங்கினார். கழுத்துச் சங்கிலியை விரலால் தூக்கிப் பார்த்தார். ஜெமீலா தேத்தண்ணித் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். பலீலா ராத்தாவைப் பார்த்தாள்.

முதலாளி கூட்டைக் கையில் வைத்து நிறுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அதில் வெட்டியிருந்த பூவையும் பார்த்தார்.

"என்ன லத்தீப், இவ்வளவு லேசாச் செஞ்சிட்டீங்க," என்றார். "நான் மோட்டாருக்கு மொதல்ல போட்டிருந்தத நீங்க பாத்திருக்கோணும்."

லத்தீப் தலையை ஆட்டினான். ஜெமீலா தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். பிள்ளை, முதலாளியின் மடங்கியிருந்த சுண்டுவிரலைப் பிடித்து நிமிர்த்தப் பார்த்தது. முழுப் பலத்தோடும் இழுத்தது. நிமிரவில்லை.